அம்மாவின் மரத்த விரல்கள்

கணவரின் கைக்கு மாவுக்கட்டுப் போடும்போது எழுந்த ஈர வாசனை என்னை நான் வளர்ந்த பத்துபஸ்தி வீட்டுக்கு இழுத்துப்போனது. அங்கே ஒருமுறை மழைப்பாசியில் வழுக்கி விழுந்ததில் அம்மாவின் மணிக்கட்டு நொறுங்கிவிட்டது. கட்டுப் போட்ட பிறகு கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துக் கிடந்தன.

“கட்டு போட்டா அப்படித்தான் இருக்கும். கொஞ்சம் சபர் பண்ணு, பொறுத்துக்க,” என்றார் அப்பா, அம்மா அதைச் சொல்லும்போதெல்லாம்.

அம்மா ஊசியை எடுத்து, அவர் கண்ணெதிரே தன் விரலில் குத்தினாள். ரத்தம் வந்தது.

“குத்துறதே தெரியல. இன்னும் எவ்ளோ சபர் பண்ணணும்?”

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போனோம். நரம்பு நசுங்குகிறது என்று டாக்டர் அறுவை சிகிச்சை செய்தார். பல மாதம் கழித்து, டீ டம்ளரைத் தொட்ட அம்மா, “சுடுதுங்க!” என்று கத்தினாள். அழுதுகொண்டே மறுபடியும் தொட்டாள்.

இங்கே கட்டுப் போட்டு முடிந்திருந்தது. “ஒண்ணுமில்ல, விரல் லேசா மரத்திருக்கு,” என்றார் கணவர்.

“டாக்டர் கிட்ட சொல்லுங்க, என்கிட்ட இல்ல!” என்றேன்.