சரித்திரத்தை டிராப் பண்ண முடியாது

கவுன்சலிங் டீச்சர் என்றால் அழுகிற பிள்ளைக்கு டிஷ்யூ நீட்டி, தோளில் தட்டிக்கொடுத்து அனுப்புகிறவள் என்று ஊரே நினைத்துக்கொண்டிருக்கிறது. உண்மையில் கிள்ளானில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உட்கார்ந்துகொண்டு நான் பார்ப்பது கடைக்காரி வேலை. பாடம் விற்கிறேன். வாங்கிய சரக்கை மாற்றித் தர முடியாது. சில சரக்கை வேண்டாம் என்றாலும் வாங்கியே தீர வேண்டும். கடைசியில் ஏதாவது கெட்டுப்போனால் திட்டு எனக்குத்தான். வீட்டில் நான்காம் படிவத்துப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோரே, ஐந்தாம் படிவ முடிவில் வரும் அரசுத் தேர்வான எஸ்.பி.எம். என்ற மூன்றெழுத்தைக் கேட்டாலே உங்களுக்குத் தூக்கம் கெடும் என்று எனக்குத் தெரியும். எனக்கும் வருஷா வருஷம் கெடும். ஆனால் யாழினி என்ற பெண் படித்த இரண்டு வருஷம் கெட்டதுபோல் என்றைக்கும் கெட்டதில்லை.

இதுல என்னென்ன வரும்?

நான்காம் படிவத்துக்குப் போகிற பிள்ளை தனக்குப் பிடித்த பாடங்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுக்க முடியாது. அறிவியல் பக்கம் ஒரு கட்டு, வணிகம் பக்கம் ஒரு கட்டு என்று நாங்களே சேர்த்துக் கட்டி வைத்திருப்போம். அதற்குப் பெயர் பாக்கேஜ். இந்தப் பெயரை வைத்தவர் யார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்தால் நேரில் போய் நாலு வார்த்தை கேட்பேன். போன் கடையிலும் கல்யாண மண்டபத்திலும் கேட்டுப் பழகிய சொல் என்பதால், பெற்றோர்கள் என் அறைக்குள் வரும்போதே பேரம் பேசுகிற முகத்தோடு வருகிறார்கள்.

யாழினியின் அப்பா ராஜேந்திரன் அப்படித்தான் வந்தார். பண்டமாரானில் கல்யாணம், கருமாதி, காது குத்து எதுவானாலும் இரும்புக் கால் நட்டு, துணிக்கூரை இழுத்து, கெனோப்பி போட்டுக் கொடுப்பது அவர் தொழில். அதில் விளக்கு மாட்டுகிற வேலை முழுக்க மகளுடையது. எலக்ட்ரிக்கல் இன்ஜினியர் ஆகப் போகிறேன் என்றாள். நானும் இயற்பியல், வேதியியல், அட்மேத்ஸ் எனப்படும் மேல்நிலைக் கணக்கு எல்லாம் இருக்கிற பாக்கேஜை எடுத்து முன்னால் வைத்தேன். அவர் அதை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர், என்கிட்ட கஸ்டமர் மேடை வேணாம்னு சொன்னா, மேடைய எடுத்துட்டு ரெண்டு மேசை கூடப் போட்டுக் குடுப்பேன். நீங்க இந்த அட்மேத்ஸ எடுத்துட்டு தமிழப் போட்டுக் குடுங்களேன்" என்றார்.

அட்மேத்ஸ் இல்லாமல் இன்ஜினியர் ஆக முடியாது, தமிழைக் கூடுதல் பாடமாகப் பள்ளி நேரத்துக்கு வெளியே படிக்கலாம் என்று விளக்கினேன். மனுஷன் சமாதானம் ஆனார். "சரி டீச்சர், இதுல எது கண்டிப்பா பாஸ் ஆவணும்?" என்று கேட்டார். மலாய்மொழியும் சரித்திரமும் என்றேன். மற்றதில் எத்தனை ஏ வாங்கினாலும் சரி, இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழே கிடையாது என்று அழுத்திச் சொன்னேன். அவர் மகள் பக்கம் திரும்பினார்.

"கேட்டுக்கோ, மத்ததெல்லாம் மேசை நாற்காலி. இந்த ரெண்டும்தான் கெனோப்பிக் கால்."

அஞ்சு கிரெடிட் போதும் லா

இப்படி ஒரே தடவையில் புரிந்துகொள்கிற பெற்றோர் அபூர்வம். "அஞ்சு கிரெடிட் இருந்தா போதும்" என்று ஒரு வாசகம் கிள்ளான் வட்டாரம் முழுக்க உலாவுகிறது. கிரெடிட் என்றால் வெறும் பாஸுக்கு மேலே, கொஞ்சம் கௌரவமான மதிப்பெண். அதில் ஐந்து இருந்தால் ஏதாவது ஒரு கல்லூரி கதவைத் திறக்கும் என்பது நம்பிக்கை. ஒருநாள் ஓர் அம்மா வந்து, மகனுக்கு செஜாரா வரவில்லை, அதை டிராப் பண்ணிவிடலாமா என்று கேட்டார். சரித்திரத்துக்கு மலாயில் செஜாரா. பிள்ளைகள் வாயிலும் பெற்றோர் வாயிலும் அதுதான். டிராப் பண்ணவே முடியாது ஆன்டி, அதில் ஃபெயில் என்றால் அந்த ஐந்து கிரெடிட்டையும் எங்கே ஒட்டி வைப்பீர்கள், சான்றிதழ் இருக்காதே என்றேன். அவர் அசரவில்லை.

"செர்ட்டு இல்லன்னா என்னா டீச்சர், ரிசல்ட் ஸ்லிப்பு குடுப்பாங்கல்ல? அத ஃப்ரேம் போட்டு மாட்டிட்டா தூரத்துலேருந்து தெரியவா போவுது?"

பெயர் மட்டும்

ஐந்தாம் படிவம் அரையாண்டுத் தேர்வு முடிந்து ஒரு வாரம் இருக்கும். சரித்திரம் சொல்லிக்கொடுக்கும் சிக்கு ரோஹானா என் அறைக்கு வந்து ஒரு விடைத்தாளை மேசைமேல் வைத்தார். மலாய் ஆசிரியர்களை நாங்கள் சிக்கு என்றுதான் கூப்பிடுவோம். தாளில் யாழினியின் பெயரும் வகுப்பும் அழகான கையெழுத்தில் இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. பக்கம் பக்கமாகத் திருப்பினேன், வெள்ளை. மற்றப் பாடங்களில் அவள் எல்லாவற்றிலும் ஏ.

கூப்பிட்டு விசாரித்தேன். தெரியாமல் விட்டாயா என்றால், இல்லை, தெரிந்தேதான் எழுதவில்லை என்கிறாள். என் குரல் எகிறியது. அவள் குரல் எகிறவில்லை. அதுதான் என்னை இன்னும் எரிய வைத்தது. "இந்த புக்குல நம்ம ஆளுங்க ஒரு பத்தியில கப்பல்லேருந்து எறங்கறாங்க டீச்சர். அடுத்த பத்தியில ஆளக் காணோம். எங்க போனாங்க? கிளாஸ்ல கேட்டேன், சிலபஸ்ல இல்லன்னாங்க. இல்லாதவங்களப் பத்தி நான் எதுக்கு எழுதணும்?" என்றாள்.

என் அப்பாவும் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவர், அந்தப் புத்தகத்தில் காணாமல்போன ஆட்களில் ஒருவர். அவள் சொன்னதில் பாதிக்குமேல் எனக்கும் சம்மதம்தான், அதனாலேயே கோபம் தலைக்கேறியது. சான்றிதழ் இல்லாமல் தெருவில் நிற்கப் போகிறாய், உன் இயற்பியல் ஏ-யை வைத்து என்ன செய்வாய், உனக்கு சர்ட்டிஃபிகேட் வேண்டுமா வேண்டாமா, இப்போதே பதில் சொல் என்று கத்தினேன். அறைக்கு வெளியே நின்ற பிள்ளைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். யாழினி எழுந்து நாற்காலியை மேசைக்குள் தள்ளிவிட்டு நின்றாள்.

"நான் கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லுங்க டீச்சர், அவங்க கேட்டதுக்கு நான் பதில் எழுதறேன்."

மூன்று பக்கம்

ரோஹானாவிடம் இதைச் சொல்ல எனக்கு உள்ளூர பயம். தப்பாக எடுத்துக்கொண்டால் விஷயம் தலைமையாசிரியர் வரைக்கும் போகும். ஆனால் அவர் சிரித்தார். இத்தனை வருஷத்தில் என் பாடத்தில் பிள்ளைகள் தூங்கித்தான் பார்த்திருக்கிறேன், கோபப்பட்டது இவள் ஒருத்திதான் என்றார். சரி, ஒரு பாரம் இறங்கியது என்று நினைத்தேன்.

எங்கே இறங்கியது? எஸ்.பி.எம்.முக்கு முந்தைய டிரையல் தேர்வில் யாழினி எழுதினாள். மூன்று பக்கம் எழுதினாள். கேள்வி நாட்டின் அரசியலமைப்பைப் பற்றி. அவள் எழுதியதோ, கிள்ளான் பக்கம் தண்டவாளம் போட்டவர்களும் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர்களும் எந்தெந்த லயத்து வரிசை வீடுகளில் இருந்தார்கள், யார் எங்கே பெயர்ந்து போனார்கள் என்று. பாடப்புத்தகத்தில் கிடைக்காத சங்கதிகள். அப்பா கெனோப்பி போடப் போகிற வீடுகளில் விளக்கு மாட்டி முடித்துவிட்டு, அங்கே உட்கார்ந்திருக்கிற பெரியவர்களிடம் கேட்டு வைத்துக்கொண்டதாம். டிரையலிலும் ஃபெயில். நிஜத் தேர்வுக்குச் சில வாரங்களே இருந்தன. ரோஹானா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"ரொம்ப நல்லா எழுதியிருக்கா. ஆனா நான் கேட்ட கேள்வி இது இல்லையே."

ஏணி

அந்த வாரமே பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தக்காரப் பெண்ணுக்குக் கல்யாணம். வீட்டு வாசலில் கெனோப்பி போடுகிறவர் யார் என்று பார்த்தால் ராஜேந்திரன். ஏணி உச்சியில் வாயில் டேப்பைக் கடித்துக்கொண்டு யாழினி. போன இடத்தில் பள்ளிக்கூடப் பேச்சு வேண்டாம் என்றுதான் நினைத்தேன், என் வாய் சும்மா இருந்தால்தானே. டிரையல் ரிசல்ட்டைச் சொல்லிவிட்டேன். அவர் முகம் அப்படியே தொங்கிப் போனது.

தனக்கும் சிஜில், அதாவது சான்றிதழ், கிடையாது என்று அன்றைக்குத்தான் சொன்னார். அந்தக் காலத்தில் மலாயில் ஃபெயிலாம். அதற்குப் பிறகு எந்த ஆபீஸிலும் படி ஏற முடியவில்லையாம். "எனக்கும் இவளாட்டம் கோவம் வரும் டீச்சர். நெறைய வரும். சிஜில் இல்லாதவன் கோவத்த யாரு ஒக்காந்து கேக்கறா?" என்று சொல்லிவிட்டு வேட்டி கட்டிய ஆட்கள் போகிற வருகிற பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். நான் ஏணியை அண்ணாந்து பார்த்தேன். மேலே இருந்தவளுக்குக் கேட்டதா, கேட்கவில்லையா என்று தெரியவில்லை. அங்கிருந்து வந்த குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"அப்பா, பேசிட்டே நிக்காதீங்க, ஏணியப் புடிங்க."

வெளியே நின்றவள்

எஸ்.பி.எம்.மில் எங்கள் பிள்ளைகளை நாங்களே கண்காணிக்க முடியாது, வேறு பள்ளி ஆசிரியர்கள் வருவார்கள். அதனால் சரித்திரத் தேர்வன்று நான் கேன்டீன் பக்கம் நடையாய் நடந்துகொண்டிருந்தேன். வாங்கிய தேத்தண்ணி ஆறிப்போய் ஆடை கட்டிவிட்டது. என் மகன் தேர்வு எழுதியபோதுகூட நான் இப்படித் தவித்ததில்லை. அவனிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள். தேர்வு மண்டபக் கதவு திறந்து பிள்ளைகள் கொட்டினார்கள். யாழினி கடைசியாக வந்தாள். எழுதினாயா என்றேன், எழுதினேன் என்றாள். கேட்டதற்கா என்றேன். கொஞ்சம் யோசித்தாள்.

"கேட்டதுக்குக் கொஞ்சம், கேக்காததுக்குக் கொஞ்சம் டீச்சர்."

கடைசிப் படி

ரிசல்ட் நாளன்று ராஜேந்திரன் வேலைச் சட்டையோடு வந்திருந்தார், மகளுக்கு முன்னால் ஸ்லிப்பை வாங்கிக்கொண்டார். மேலே வரிசையாக நின்ற ஏ-க்களை அவர் பார்க்கவே இல்லை. விரலை வைத்து ஒரே ஒரு வரியைத் தேடினார். கிடைத்த இடத்தில் விரல் நின்றது, ஆனால் அந்த எழுத்து நல்லதா கெட்டதா என்று அவருக்குத் தெரியவில்லை. ஸ்லிப்பை என்னிடம் நீட்டியபோது அவர் உதடு உலர்ந்து போயிருந்தது. சரித்திரத்தில் இ.

இ என்றால் கடைசிப் படி. அதற்குக் கீழே தோல்விதான். பாஸ், பாஸ் என்று நான் போட்ட சத்தத்தில் மண்டபமே திரும்பிப் பார்த்தது. ராஜேந்திரன் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரோஹானா ஓடி வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"ஏ வாங்குன பிள்ளைங்க வரிசையா நிக்கறாங்க, நான் ஒரு இ-க்குக் குதிச்சிட்டு இருக்கேன்!"

திரும்ப ஒரு ஆர்டர்

நாலைந்து நாள் கழித்து அப்பாவும் மகளும் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்க வந்தார்கள். இன்ஜினியரிங் படிப்புக்கான ஃபாரங்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, வாழ்நாளில் முதல் தடவையாக நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். யாழினி அவற்றை என் பக்கமே மெதுவாகத் தள்ளினாள். "எனக்கு செஜாரா படிக்கணும் டீச்சர்" என்றாள்.

அதற்குச் சரித்திரத்தில் கிரெடிட் கேட்பார்கள், உன்னிடம் இருப்பது இ, அதை வைத்துக்கொண்டு வாசல்கூட மிதிக்க முடியாது என்றேன். அந்த ஒரு பாடத்தை மட்டும் திரும்ப எழுதலாமா என்று கேட்டாள். எழுதலாம், ஆனால் இந்த ஏ-க்களுக்கு இன்றைக்கே இடம் கிடைக்கும், அதைவிட்டுவிட்டு ஒரு வருஷத்தைத் தொலைக்கப் போகிறாயா என்றேன். ராஜேந்திரன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "ஏம்மா, எலக்ட்ரிக்கல்னு சொன்னியே? ஊரு பூரா சொல்லி வெச்சிருக்கேனே?" என்றார். குரல் பாதியில் உடைந்தது. யாழினி அவரை நேராகப் பார்த்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "வயர் இழுக்க எனக்கு டிகிரி வேணாம்ப்பா. அத இப்பவே செய்யறேன். நீங்க கெனோப்பி போட்ட வீட்டுல எல்லாம் கேட்டது இருக்குல்ல, அத எழுதினா நாலு பேரு ஒக்காந்து கேக்கணும். அதுக்குத்தான் வேணும்" என்றாள்.

அவள் ஏணி மேலிருந்து கேட்டிருக்கிறாள் என்று அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. வேண்டாம் என்று ராஜேந்திரன் ஒரு வார்த்தை சொன்னால் அவள் கேட்டுக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். கடைசியில் அவர் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்து மகள் பக்கம் உருட்டிவிட்டார்.

"ஆர்டர எடுத்துக்குங்க டீச்சர், வேணாம்னு தூக்கிப்போட்ட சரக்கையே ரெண்டாவது வாட்டி கேக்கற கஸ்டமர நானே இப்பத்தான் பாக்கறேன்."

இத்தனை வருஷமாகப் பிள்ளைகளைப் பாடத்திலிருந்து காப்பாற்றுவதே என் வேலை என்றிருந்த எனக்கு, பாடத்தைக் காப்பாற்றக் கிளம்புகிற பிள்ளைக்கு எந்த ஃபாரத்தை எடுத்து நீட்டுவது என்று எந்தப் பயிற்சியிலும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.