மற்றவர் வீட்டு முடிச்சுகள்

இடது கை பையின் கழுத்தைப் பிடித்திருக்க, வலது கையின் இரண்டு விரல்கள் முடிச்சைத் தளர்த்துகின்றன. கிழிக்கக்கூடாது, நகராட்சிப் பையில் கீறல் விழுந்தால் லாரிக்காரர் எடுக்கமாட்டார். முடிச்சு அவிழ்ந்ததும் கை உள்ளே போகிறது. மீன் முள்ளுக்கும் தேயிலைச் சக்கைக்கும் நடுவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பாட்டில் வெளியே வருகிறது. மூடி தனியாக, ஒட்டியிருந்த தாள் தனியாக, பாட்டில் தனியாக. பிறகு பையை, முன்பு எப்படி இருந்ததோ அப்படியே கட்டியாகிறது. நாற்பது விநாடிக்கு மேல் ஆகாது.

செவ்வாயும் வெள்ளியும் காலை ஏழே காலுக்கு எங்கள் கட்டடத்தின் குப்பை மேடையில் இப்படிக் குனிந்திருப்பவர் நெனிதா. வயது ஐம்பத்துமூன்று. பிலிப்பைன்ஸிலிருந்து ஜப்பானுக்கு வந்து இருபத்தாறு வருடம். இந்தக் கட்டடத்தின் தரைத்தளத்தில் பதினொரு வருடம். ஸ்டேஷன் எதிரே ஒரு ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை. அந்தப் பழக்கத்தில், காக்கைகளுக்குப் பயந்து பைகள்மேல் போடும் வலையைக்கூடக் கட்டில் விரிப்பு மாதிரி நான்கு மூலையிலும் செருகிவிடுவார்.

அவர் அவிழ்க்கும் பைகளில் ஒன்றுகூட அவருடையது இல்லை.

மேடைச் சுவரில் குடியிருப்போர் சங்கத்தின் அறிவிப்பு ஒட்டியிருக்கிறது. குப்பையைச் சரியாகப் பிரிக்கும்படி பிலிப்பைன்ஸின் தகாலோக், வியட்நாமியம், போர்ச்சுகீசு, சீனம் என நான்கு மொழிகளில் எழுதியிருக்கிறார்கள். ஜப்பானிய மொழியில் இல்லை. இருபது வீடுகளில் வெளிநாட்டுக்காரர் நெனிதா ஒருவர்தான்; நான் உட்பட மற்ற எல்லோரும் ஜப்பானியர்கள். "எனக்கு ஒருத்திக்கு நாலு பாஷைல லெட்டரு! ராணிக்குக்கூட இப்படி எழுத மாட்டாங்க" என்பார்.

பிரிக்காத பையில் லாரிக்காரர் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி அங்கேயே விட்டுப்போவார். சங்கத் தலைவர் அதைப் படம் பிடித்து வீட்டு ஏஜென்சிக்கு அனுப்புவார். போன வருடம் இரண்டு படங்கள் போயின, இரண்டும் நெனிதாவின் பைகள் என்று. ஏஜென்சிக்காரர் நெனிதாவைக் கூப்பிட்டு, இன்னொரு ஸ்டிக்கர் வந்தால் மார்ச்சில் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கமாட்டோம் என்று, தலை தாழ்த்தி, மிகவும் மரியாதையாகச் சொன்னார். நெனிதா வேறு வீடு தேடி ஆறு இடங்கள் ஏறி இறங்கினார். "உள்ள போனதும் டீ தர்றாங்க. பேரை எழுதிக் குடுத்ததும், 'அடடா, அந்த வீடு இப்பதாங்க போச்சு'ங்கறாங்க. ஆறு வீடும் இப்பதான் போச்சு!"

அதற்குப் பிறகுதான் மற்றவர் முடிச்சுகளை அவிழ்க்கத் தொடங்கினார். எடுத்த பாட்டில்களையும் டின்களையும் கழுவி, அவற்றை லாரி எடுக்கும் கிழமை வரும்வரை தன் குளியலறையில் அடுக்கிவைக்கிறார். குளிப்பது அவற்றுக்கு நடுவில்தான்.

இப்போது கட்டடமே அவருக்கு அத்துப்படி. இரண்டாம் மாடி ஆசிரியை மறுபடி சிகரெட் பிடிக்கிறார். மேல்வீட்டுப் பையன் மூன்று வாரமாக நூடுல்ஸ் தவிர வேறெதுவும் சாப்பிடவில்லை. ஸ்டிக்கர் வாங்கிய பைகள் யாருடையவை என்பதும் தெரிந்துவிட்டது. சங்கத் தலைவர் மொரிஷிதாவுடையவை. மனைவி இருந்தவரை அவர் குப்பையைத் தொட்டதே இல்லை. அந்த அம்மாள் இறந்தபின், பீர் டின், மீன் தலை, அந்த அம்மாளுடைய பாதி தீர்ந்த முகப்பூச்சுப் புட்டி எல்லாம் ஒரே பையில் வந்தன.

"எழுபத்தெட்டு வருஷமா இந்த நாட்டுலயே பொறந்து வளந்த மனுஷன். ஒரு மூடியைக் கழட்டத் தெரியல. எனக்குப் பாடம் எடுக்கறாரு!"

"சொல்லிட வேண்டியதுதானே, நெனிதா-சான்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"யாருகிட்ட சொல்றது? புகார் வாங்கறதே அவர்தான். உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டா? அடுத்த வீட்டுக் குப்பையைக் கிளறுறவள்னு அதுக்கு ஒரு படம் போகும்." வலையின் மூலையை உதறினார். "போங்க, உங்களுக்கு வேலைக்கு நேரமாச்சு."

பிப்ரவரியின் கடைசி வெள்ளி. எல்லாப் பைகளையும் முடித்து நெனிதா வலையை இழுத்துவிட்டிருந்தார். லாரி தெருமுனை திரும்பும்போது மொரிஷிதா செருப்புக் காலோடு ஓடிவந்து தன் பையை வைத்தார். அவிழ்க்க நேரமில்லை. லாரிக்காரர் அதைத் தூக்கினார். உள்ளே கண்ணாடி கிணுகிணுத்தது.

"பாட்டில் இருக்குங்க. எடுக்க முடியாது. யாரோடது இது?" அவர் கை ஸ்டிக்கர் கட்டுக்குப் போய்விட்டது.

மொரிஷிதா பையைப் பார்த்தார். பிறகு தெருவைப் பார்த்தார். "நெனிதா-சான்," என்றார், தெருவைப் பார்த்தபடியே. "எத்தனை தடவைதாங்க சொல்றது?"

நெனிதா அவர் முகத்தை ஒரு கணம் பார்த்தார். ஸ்டிக்கரின் பின்தாள் பாதி உரிந்திருந்தது.

"என்னோடதுதாங்க," என்றார் லாரிக்காரரிடம். "ஒட்டிடாதீங்க. ஒரே நிமிஷம்."

ஈரத் தரையில் முழங்கால் போட்டு உட்கார்ந்தார். இரண்டு சின்ன சாக்கே மது பாட்டில்கள், ஒரு டின், மூன்று பேட்டரிகள் அவருடைய மேலங்கிப் பைகளுக்குள் போயின. மொரிஷிதா நகரவும் இல்லை, குனியவும் இல்லை. நெனிதா முடிச்சைப் போட்டு, பையின் அடியைத் துடைத்து எழுந்தார். "எவ்வளவு சொல்லியும் எனக்குப் புத்தி வரல. மன்னிச்சுடுங்க" என்று இடுப்பு மடியக் குனிந்து, பையை இரண்டு கைகளாலும் லாரிக்காரரிடம் நீட்டினார்.