புள்ளி ஏழு கேக்

ஐலீன் மக்ரேயைப் பற்றி யார் என்ன சொன்னாலும் சரி, கேக் விஷயத்தில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. டிசம்பர் கடைசி வாரம் ஒன்று செய்து ஆபீஸுக்கு எடுத்துவருவாள். மேலே சர்க்கரைப் பூச்சில் 0.7 என்று எழுதியிருக்கும்.

எங்கள் நாடு நூறு பவுண்டு சம்பாதித்தால் எழுபது பென்ஸ், அதாவது 0.7 சதவீதம், வெளிநாட்டு ஏழைகளுக்கு என்பது சட்டம். அதைப் பிரித்துக் கொடுக்கும் அரசு ஆபீஸ் எங்களுடையது; எங்கள் பிழைப்பே அதுதான். குறைந்தால் பார்லிமென்டில் கிழிப்பார்கள், கூடினால் பத்திரிகைக்காரன் கிழிப்பான். அதனால் டிசம்பர் முப்பத்தொன்றில் புள்ளி ஏழு கச்சிதமாக வந்து நிற்க வேண்டும். கூடுகிற மாதிரி இருந்தால் சில திட்டங்களுக்குப் போக வேண்டிய தவணைப் பணத்தை ஜனவரிக்குத் தள்ளிவிடுவோம். அடுத்த வருஷக் கணக்கில் ஏறிக்கொள்ளும். ரெண்டு வாரத் தாமதம், யார் குடியும் முழுகாது. இந்தத் தள்ளு வேலையில் ஐலீன் கில்லாடி.

பத்தொன்பது வருஷம் அவளுக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்தவள் நான். கிளாஸ்கோ மழையில் குடை இல்லாமல் வந்து நின்று என் துண்டைக் கேட்பாள். வேலைக்குச் சேரும் முன்பே இந்தப் புள்ளி ஏழுக்காக எடின்பரோ தெருவில் கோஷம் போட்டவள். புருஷன் பெட்டியைக் கட்டிக்கொண்டு போன அன்றுகூட லீவு போடவில்லை. அவளுக்கென்று ஒரு செல்லம் உண்டு: மலாவியில் பிரசவ நர்ஸுகளுக்கான ஒரு பள்ளி. அதன் தலைமை நர்ஸ் தவோங்காவோடு மாதம் ஒருமுறையாவது போனில் பேசாமல் இருக்க மாட்டாள்.

அந்த அக்டோபரில் கணக்கு கூடுகிற மாதிரி இருந்தது. ஐலீன் தன் பள்ளியின் தவணையையே ஜனவரியில் போட்டாள்.

"ஏண்டி, உன் செல்லத்தையா தள்ளுற?"

"மத்தவங்ககிட்ட சொன்னா ஒப்பாரி வைப்பாங்கடி. தவோங்கா சிரிப்பா. ஆறு தடவை தள்ளியாச்சு, ஆறு தடவையும் சிரிச்சா."

நவம்பர் கடைசியில் ஒருநாள் கேன்டீன் டிவியில் நிதி மந்திரி வந்தார். ஜனவரியிலிருந்து புள்ளி ஏழு கிடையாது, புள்ளி ஐந்துதான் என்றார். அடப்பாவி! சாசேஜ் ரொட்டி என் கையிலேயே நின்றுவிட்டது. ஐலீனுக்கு முதலில் விளங்கவே இல்லை.

"என்னது, அஞ்சா? ஏழு சட்டமாச்சேடி!"

அப்புறம்தான் அவள் முகம் வெளுத்தது. மாடிப்படியில் ஓடினாள். நானும் மூச்சிரைக்கப் பின்னால் ஓடினேன்.

"ஃப்ரேசர், என் பள்ளியைப் பழையபடி டிசம்பர்லயே போட்டுடுங்க."

எங்கள் அதிகாரி ஃப்ரேசர் கண்ணாடியைக் கழற்றினார். "டிசம்பர் கணக்கைப் பூட்டியாச்சு ஐலீன். ஏழு டாண்ணு நிக்குது. இதை உள்ள விட்டா வேற ஒண்ணை வெளிய தள்ளணும். எதைத் தள்ளட்டும், நீங்களே சொல்லுங்க."

"அப்ப ஜனவரி?"

"ஜனவரியில கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு வெட்டு. தள்ளிப்போட்டதெல்லாம்தான் முதல்ல வெட்டுப்படுது."

அந்தப் பள்ளியில் முப்பத்திரண்டு பெண்கள், கடைசிப் பரீட்சைக்கு மூன்றே மாதம்.

அந்த டிசம்பரில் அவள் கேக் செய்யவில்லை. ஃப்ரேசர் கடையில் வாங்கி 0.7 எழுதச் சொல்லிக் கொண்டுவந்தார். வெட்கம் கெட்ட மனுஷன்! எல்லோரும் கூடியதும் ஐலீன் போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"ஐலீன் அக்கா!" தவோங்காவின் குரல் அறை முழுக்கக் கேட்டது. "பொண்ணுங்க எல்லாரும் வெள்ளை யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்துட்டாளுங்க. அளவெடுக்கறப்போ என்ன கூத்துங்கறீங்க!"

"தவோங்கா, பணம் வராது."

"தெரியும்க்கா, ஜனவரிதானே."

"ஜனவரியிலயும் வராது. இனிமே வரவே வராது. நான்தான் தள்ளினேன். என் கையால தள்ளினேன்."

அந்தப் பக்கம் எங்கேயோ பெண்கள் சேர்ந்து பாடுவது கேட்டது. யாரும் கத்தியைத் தொடவில்லை. அப்புறம் தவோங்கா கேட்டாள். குத்தலே இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அந்த உங்க நம்பர்... அது சரியா வந்துச்சாக்கா?"

ஐலீன் கேக்கைப் பார்த்தாள்.

"வந்துச்சு," என்றாள்.