தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜிபி

போசரியில் மோட்டார் தண்டுகள் கடையும் ஒரு கம்பெனியில் இருதயராஜ் பதினெட்டு வருடமாகப் பரிசோதகர். படிப்பு பத்தாவதோடு நின்றது. தரை துடைக்கும் ஆளாகச் சேர்ந்து, மற்றவர்கள் கையைப் பார்த்தே வெர்னியர் அளவுகோல் பிடிக்கக் கற்றுக்கொண்டவர். இப்போது அவர் கையெழுத்து விழாமல் ஒரு தண்டுகூட லாரி ஏறாது. அவர் வேலையில் கேஜ்தான் நீதிபதி. நுழைய வேண்டிய இடத்தில் நுழைந்தால் பாஸ். நுழையாவிட்டால் கழிவு. இடையில் பேச்சே இல்லை.

தங்கை சோனியா அவரைவிடப் பதினைந்து வயது இளையவள். அப்பா அம்மா போனபின் அவர்தான் படிக்கவைத்தார். இயந்திரங்களைக் கம்ப்யூட்டரில் முழு உருவமாக வரைகிற வேலை அவளுக்கு. கம்பெனி கேன்டீனில் யார் எதைப் பேசினாலும் அவர் சுற்றிவளைத்துத் தங்கை பேச்சில் வந்து நிற்பார். "வந்துடுச்சிடா பெஹன் புராணம்" என்று லேத்காரர் விஜய் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துபோவதும் உண்டு. இருதயராஜுக்கு அதிலும் பெருமைதான்.

ஹிஞ்சவாடியில் அவள் இருந்த அலுவலகம் போன வருடம் நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது. அவளும் அதில் ஒருத்தி. அதன்பின் ஏழு மாதம் வீட்டில் உட்கார்ந்து, மாடிப்படி ஏறுகிற சக்கர நாற்காலி ஒன்றை வரைந்துகொண்டிருந்தாள். நானூறு பாகங்கள், ஒவ்வொன்றும் அசையும். பாணேரில் ஒரு டிசைன் கம்பெனி, பதினெட்டாம் தேதி அதைக் கொண்டுவந்து காட்டச் சொன்னது. பிடித்திருந்தால் வேலை.

ஜூன் மழையில் கரண்ட் ஏறியிறங்கி அவளுடைய பழைய கம்ப்யூட்டரின் போர்டு கருகிப்போனது. ஹார்ட் டிஸ்க் தப்பியது. நாற்காலி முழுவதும் அதில்தான். பென் டிரைவில் ஏற்றிவைத்தது முதல் மாதத்தோடு நின்றிருந்தது.

புதிய கம்ப்யூட்டரைத் தாங்களே பூட்டுவது என்று முடிவாயிற்று. சோனியா ஒரு தாளில் எழுதிக்கொடுத்தாள். போர்டு, பிராசசர், பிறகு மெமரி: இரண்டு குச்சி, டிடிஆர் நான்கு, ஒரே வேகம், ஒரே கம்பெனி. எழுதும்போதே உடம்பு அனலாக இருந்தது. கடைசி வரியில், புது டிஸ்க்குக்கு 'எஸ்எஸ்டி, எம்.2, ஒரு டிபி' என்று மட்டும் எழுதி, மீதியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் படுத்தாள். மறுநாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. பிம்ப்ரி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

அவள் திரும்பி வரும்போது எல்லாம் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்று இருதயராஜ் நினைத்தார். லீவு போட்டு, கம்ப்யூட்டர் கடைகள் இருக்கும் புத்வார் பேட்டைக்குப் போனார். மெமரியில் பிழை நேரவே வாய்ப்பில்லை. டிடிஆர் ஐந்தின் வெட்டு வேறு இடத்தில் இருந்தது, அது போர்டின் மெமரிப் பள்ளத்தில் உட்காரவே உட்காராது. எஸ்எஸ்டி கேட்டபோது கடைக்காரர், சாட்டா வகையா என்விஎம்இ வகையா என்று இந்தியில் கேட்டார். நீள அகலத்தில் வித்தியாசம் உண்டா என்று இவர் கேட்டார். இல்லை, இரண்டும் ஒரே அளவு என்றார் அவர். இருதயராஜ் பையிலிருந்து வெர்னியரை எடுத்தார். அகலம் இருபத்திரண்டு மில்லிமீட்டர், நீளம் எண்பது. அவர் கையில் எடுத்தது சாட்டா. அதில் இரண்டு வெட்டு இருந்தது. போர்டின் பள்ளத்தில் ஒரே ஒரு தடுப்புதான். கூடுதல் வெட்டு எதையும் தடுக்காது, பொருந்தும் என்று கணக்குப் போட்டார். வீட்டில் அதைச் சொருகியதும் சிக்கென்று உட்கார்ந்தது. பாஸ்.

ஒரு இந்தி வீடியோவை ஐந்து தடவை பார்த்து, ஒவ்வொரு படியையும் நோட்டில் எழுதியிருந்தார். அவள் வேலை உடனே கையில் கிடைக்கட்டும் என்று பழைய டிஸ்க்கையும் வயர் போட்டு மாட்டினார். விண்டோஸ் ஏற்றும் திரையில் ஒரே ஒரு டிஸ்க் தெரிந்தது. தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜிபி. ஒரு டிபி என்று விற்பது திரையில் அப்படித்தான் காட்டும் என்று நோட்டிலேயே இருந்தது. பழையது பிறகு தெரியும்போலிருக்கிறது என்று எண்ணினார். வீடியோவில் சொன்னபடி டிஸ்க்கின் உள்ளே இருந்த பிரிவுகளை ஒவ்வொன்றாக அழித்து, விண்டோஸை ஏற்றினார்.

மூன்று நாள் அது ஓடியது. அப்டேட்டுகள் இறங்கின. சோனியா சொல்லியிருந்த வரைகலை மென்பொருளையும் ஏற்றினார். பழைய டிஸ்க் மட்டும் எங்கும் தெரியவில்லை. வயர் தளர்ந்திருக்கும் என்று நான்காம் நாள் காலையில் கம்ப்யூட்டரை அணைத்து, அந்த வயரைக் கழற்றித் துடைத்து ஓரமாக வைத்துவிட்டு, சும்மா ஒருமுறை ஆன் செய்து பார்த்தார்.

டிஸ்க் இல்லை என்று கறுப்புத் திரையில் எழுத்து வந்தது.

திரும்ப மாட்டினார். ஓடியது. கழற்றினார். நின்றது. தண்டைக் கேஜில் விட்டு எடுப்பதுபோல நான்கு தடவை அப்படிச் செய்தார். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

போர்டின் புத்தகத்தை மனைவி பவுன் எழுத்துக்கூட்டி வாசித்தாள். எம்.2 பள்ளம்: என்விஎம்இ மட்டும். சாட்டா அதில் உட்காரும், போர்டின் கண்ணுக்குத் தெரியாது. அன்று திரையில் தெரிந்த தொள்ளாயிரத்து முப்பத்தொரு ஜிபி பழைய டிஸ்க்; அதுவும் ஒரு டிபிதான்.

"அவளுக்கு உடம்பு தேறட்டும், அப்புறம் சொல்லலாம்" என்றாள் பவுன்.

"தண்டு கழிவுன்னா அன்னிக்கே எழுதணும்" என்று சொல்லிவிட்டு அவர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

பிளேட்லெட் ஏறத் தொடங்கியிருந்தது. சோனியா சாய்ந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். அவர் முதலிலிருந்து ஒன்று விடாமல் சொன்னார். வெர்னியரை எடுத்ததையும் சொன்னார். அவள் கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"அழிச்சப்புறம் எத்தினி நாள் ஓட்டினே ண்ணா?"

"மூணு நாள்."

"ஆஃப் பண்ணாம?"

"அப்டேட் வந்துட்டே இருந்திச்சும்மா."

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். பார்வையாளர் நேரம் முடிந்தது என்று நர்ஸ் மராத்தியில் சொல்லும்வரை அந்த முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அழிந்ததை மீட்டுக்கொடுக்கிற ஒரு கடைக்கு டிஸ்க்கை எடுத்துப்போனார். எட்டு நாள் கழித்து அவர்கள் கொடுத்ததில் பழைய போட்டோக்கள் இருந்தன. நாற்காலியில் அறுபத்தொரு பாகங்கள் இருந்தன. பெயரில்லை, பாதிக்கு மேல் திறக்கவில்லை. புதிதாக எழுதப்பட்டவை அவற்றின்மேல் ஏறிவிட்டன என்றார்கள்.

பதினேழாம் தேதி, நடந்தால் கால் நடுங்கும் நிலையில் சோனியா பாணேருக்குப் போன் செய்தாள். ஒரு மாதம் தவணை கேட்கிறாள் என்று அவருக்குப் புரிந்தது. மறுமுனையில் சொன்னது புரியவில்லை. அவள் இரண்டு தடவை தேங்க்யூ சொன்னாள்.

"வேற ஆள் பாத்துட்டாங்களாம்" என்று போனை வைத்தாள்.

அடுத்த வாரம் அவளே சரியான எஸ்எஸ்டியை வரவழைத்தாள். கம்ப்யூட்டரின் பக்க மூடியைத் திறந்து வைத்திருந்தாள். இருதயராஜ் வேலைக்குக் கிளம்பியவர், சாப்பாட்டு டப்பாவை வைத்துவிட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரோடு அருகில் போய்க் குனிந்தார்.

"வேணாம் ண்ணா. நீ அப்பிடி உக்காரு" என்றாள். குரலில் கோபம் இல்லை.

அவர் ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் அவள் கைக்கெட்டும்படி வைத்தார். அவள் அதை எடுக்காமல் டிராயரைத் திறந்து வேறொன்றைத் தேடினாள்.