அரை அங்குலக் கிணறு

நான் முதன்முதலாக அளவெடுத்துச் செய்த மாதிரி எங்கள் தோட்டத்துக் கிணறு. ஆசைக்குச் செய்யவில்லை. அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை முறித்துக்கொள்ளக் கூடாதே என்ற பயத்தில் செய்தேன்.

பங்கு பிரிந்த பிறகு எருது பூட்டித் தண்ணீர் இறைக்க அதில் இருந்த ஒரே கவலை இரண்டு வீட்டுக்கும் போதவில்லை. கிழக்குக் கரையில் இன்னொன்று போட அப்பா முடிவு செய்தார். எருதுகள் தண்ணீர் மொண்ட தோல் பறியை இழுத்துக்கொண்டு இறங்கும் சரிவை அங்கே வெட்டினால், தண்ணீர் நேராக எங்கள் பங்குக்குப் பாயும். அந்தக் கரை வெறும் மண், பாரம் ஏறினால் சரியும் என்றார் சித்தப்பா. மேற்கே பாறை, ஆனால் வாய்க்கால் சுற்றிக்கொண்டு வர வேண்டும்.

“உனக்குத் தண்ணி உட மனசில்ல. மண்ணு மேல பழியப் போடற” என்றார் அப்பா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போனவன் நான் ஒருவன்தான். காகிதத்தில் வரைந்து காட்டினேன். இருவருக்கும் அது வெறும் கோடுகள். ஆகவே மாதிரி. அடிக்கு அரை அங்குலம் என்று வைத்துக்கொண்டேன். முழத்தில் அளந்ததை அடி என்று எண்ணி, முதல் கிணறு குட்டையாகப் போயிற்று. கலைத்துவிட்டு மறுபடி அளந்தேன். கிழக்குக் கரை மண்ணையே குழைத்தேன். கவலையின் உருளை தாங்கும் தூண்களுக்குச் சோளத்தட்டு, ஆணிகளுக்குக் கருவேல முள்.

வாசலில் வைத்ததும் அப்பா ஒரு கூழாங்கல்லை எடுத்துக் கிழக்கு விளிம்பில் வைத்தார். பிறகு இன்னொன்று. மண் அசையவில்லை.

“பாத்தியாடா! படிச்ச பையன் அளந்து செஞ்சிருக்கறான். உன்ற வாய்க்கு இனிப் பூட்டுத்தான்.”

“பொம்மைக் கெணறு நிக்குதுன்னு எருதைக் கொண்டாந்து நிறுத்துவீங்களாண்ணா?” என்றார் சித்தப்பா.

“நாளைக்கே வெட்டறேன். எருதை நானே ஓட்டறேன், பாரு.”

நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்கு, தாங்கும் பரப்போ நாலு மடங்குதான் என்று வகுப்பில் படித்திருந்தேன். நானோ கிணற்றை இருபத்து நாலு மடங்கு சுருக்கியிருந்தேன். சும்மா இருந்தால் அப்பா அந்த விளிம்பில் நிற்பார். வாயைத் திறந்தால் தம்பிக்கு முன்னால் அவர் தலைகுனிவார்.

“அப்பா, இது நிக்கறத வெச்சு அது நிக்கும்னு சொல்ல முடியாதுங்க.”

“நீதானடா செஞ்சே?”

“ஆமாங்க. எடத்தைச் சுருக்கலாம், பாரம் அதே கணக்குல சுருங்காதுங்க. எறும்பு கூரையிலிருந்து உழுந்தா எந்திரிச்சு நடக்குதுங்க. எருது உழுந்தா?”

“அப்ப என்னத்துக்குடா இந்தக் கூத்து? அப்பன் மூஞ்சீல கரி பூசத்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறாங்களா?”

எழுந்தார். கிணற்றை உதைத்துவிடுவார் என்றே நினைத்தேன். அப்பாவின் கால் அதன் பக்கத்தில் வந்து நின்றது. அப்படியே குந்தினார். கிழக்கிலிருந்த தூண்களைப் பிடுங்கி மேற்கே ஊன்றினார். முள் குத்திய விரலை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்:

“இங்கிருந்து வாய்க்கா எத்தனை அடி சுத்தும்?”

நூலை வளைத்து அளந்தேன். “எழுவது அடிங்க.”

“இதுவாச்சும் நெசந்தானா?”

“அளவு நெசந்தாங்க.”

“அதுல பாதி என்ற நெலத்துலதான் போவும்” என்றார் சித்தப்பா.

அப்பா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாதிரியைப் பார்த்தபடியே இருந்தார்.

“போவட்டுமாடா?”

“போவட்டுங்ண்ணா.”