காருக்குத் தனி விலை, பாதைக்குத் தனி விலை

தங்கையின் கல்யாணத்தில் பந்தல்காரர் கேட்ட பணத்தைத் தம்பி பேரம் பேசாமல் கொடுத்துவிட்டான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "கம்ப்யூட்டர்ல பொம்மைக் காரு வாங்கிக்கினு இருக்கறவனுக்கு காசோட அருமை என்னா தெரியும்?" என்று சொந்தக்காரர்கள் நடுவில் கேட்டுவிட்டேன். தாலி கட்டி முடிந்ததும் அவன் ஓசூருக்குப் பஸ் ஏறினான். அதோடு பேச்சு நின்று ஒரு வருடம் ஆகிவிட்டது.

தப்பு என்னுடையதுதான். ஆனால் போனை எடுத்தால் மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான்கு மணிக்கு அவன் அந்தப் பந்தய விளையாட்டில்தான் இருப்பான் என்று தங்கை சொன்னாள். அவன் நண்பர்களோடு ஓட்டும் குழுவின் பெயரையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். அங்கே போய் அவன் பக்கத்தில் நின்றால் போதும் என்று தோன்றியது. அதோடு, கண்ணால் மட்டும் பார்க்கிற காருக்கு எதற்குக் காசு என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

விளையாட்டைச் சும்மாவே இறக்கிக்கொள்ளலாம். உள்ளே போனால் கடை! நான் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் சேலை விரித்துக் காட்டுகிறவன். நூறு சேலையை விரிக்கச் சொல்லிவிட்டு "அப்புறம் வரோம்பா" என்று கிளம்பும் குடும்பங்களை மனதுக்குள் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். இங்கே எந்தக் காரையும் ஓட்டிப் பார்க்கலாம் என்றதும் நானும் ஒரு வாரம் அதையேதான் செய்தேன்.

"சும்மாவே ஓட்டலாம்னா எதுக்குங்க காசு?" என்று மனைவி கேட்டாள்.

"தனியாத்தான் ஓட்டலாம். நாலு பேரோட ஓடணும்னா வாங்கணும்."

ஒரே காரை நிறம் நிறமாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை போட்டிருந்தார்கள். ஒரு நிறம் வாங்கினாலே பந்தயத்துக்குப் போதும் என்று கண்டுபிடித்தபோது எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. தள்ளுபடிக்காகப் பத்து நாள் காத்திருந்தேன். விலையை ஏற்றிவிட்டுக் குறைக்கும் வித்தை எனக்குத் தெரியாதா? தினமும் பார்த்து வைத்தேன். நிஜமாகவே குறைத்தார்கள். தம்பியின் குழு ஓட்டும் காரில் அரக்கு நிறத்தை வாங்கினேன். அந்த மாதத்துக்கு ஒதுக்கிய இருநூறு ரூபாய் அதோடு தீர்ந்தது.

ஞாயிறு நான்கு மணிக்குக் குழுவுக்குள் நுழையப் போனால் முடியவில்லை. பந்தயம் நடக்கும் பாதையைத் தனியாக வாங்க வேண்டுமாம். பட்டுச் சேலையோடு ரவிக்கைத் துணி வருகிற மாதிரி காரோடு பாதையும் வரும் என்று நினைத்துவிட்டேன். ஓட்டுகிறவர்கள் பட்டியலில் தம்பியின் பெயர் தெரிந்தது. வாசலோடு திரும்பியதில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்த மாதம் பாதையை வாங்கினேன். என் பெயரை மறைத்து ஏதோ ஒரு பெயரை வைத்துக்கொண்டு கடைசி ஆளாக நின்றேன். முதல் வளைவிலேயே சறுக்கி மண்ணில் இறங்கிவிட்டேன். எல்லோரும் பறந்துவிட்டார்கள். தம்பியின் கார் மட்டும் முன்னால் ஓரமாக நின்றுகொண்டிருந்தது. திரையின் மூலையில் எழுத்து வந்தது.

"புதுசா? என் பின்னாடியே வாங்க. நான் பிரேக் புடிக்கறப்போ நீங்களும் புடிங்க."

யாரோ ஒருவருக்காகத் தன் பந்தயத்தையே விடுகிறானே என்று ஆச்சரியமாக இருந்தது. அந்த யாரோ மேல் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. ஐந்து சுற்றும் அவன் பின்னாலேயே போனேன். வளைவுக்கு வளைவு வேகத்தைக் குறைத்து எனக்காகக் காத்திருந்தான். கடைசி இரண்டு இடமும் எங்களுக்குத்தான்.

முடிந்ததும் இன்னொரு வரி வந்தது.

"அண்ணி நல்லா இருக்காங்களா?"

ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினேன்.

"நல்லா இருக்கா. நான்தான் நல்லா இல்லடா."

போன் அடித்தது.