நாலு நாள் என் கையில் கிடந்த தபாலட்டை

எண்பத்தொன்றா, எண்பத்திரண்டா என்று சரியாக நினைவில்லை. சூறாவளி முறித்துப் போட்ட தென்னைகளுக்குப் பதிலாக நாங்கள் நட்ட கன்றுகள் என் இடுப்பளவுக்கு வந்திருந்த காலம் அது. கல்முனையில், பெரிய தெருவிலிருந்து கடற்கரைக்கு இறங்கும் ஒரு குறுக்குத் தெருவில் எங்கள் வீடு. மாசி மாதக் கடைசி. மாரி மழை ஓய்ந்து, அறுவடை தொடங்கி, என் வீட்டுக்காரர் பாதி நாள் வயலிலும் பாதி நாள் வீட்டிலுமாக இருந்தார்.

எங்கள் முன்னறையில் அப்போது ஒரு வெள்ளைக்காரப் பெண் குடியிருந்தாள். ஐரோப்பாவில் மிக வடக்கே இருக்கும் ஒரு நாட்டுக்காரி. சூறாவளிக்குப் பிறகு உதவிக்கென்று வந்த தாதிமாரில் ஒருத்தி. மற்றவர்களெல்லாம் வேலை முடிந்து போய்விட்டார்கள், இவள் மட்டும் போகவில்லை. நிந்தவூர், திருக்கோவில், பொத்துவில் என்று ஊர் ஊராகப் போய்க் கர்ப்பிணிப் பெண்களைப் பார்ப்பாள். தெருவில் எல்லோருக்கும் அவள் ‘நேர்ஸ் புள்ள’. எங்களிடமே தமிழ் படித்ததால் எங்களைப் போலவே கதைத்தாள். முடியாது என்பதற்கு ‘ஏலா’ என்பாள், தாமதமாகும் என்பதற்கு ‘சுணங்கும்’ என்பாள். அந்த மஞ்சள் தலைமுடியையும் அந்தப் பேச்சையும் சேர்த்துப் பார்த்தால் புதிதாக வருகிறவர்களுக்கு வாய் மூடாது. என்னை அக்கா முறையில் ‘ராத்தா’ என்றும், என் வீட்டுக்காரரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றும்தான் கூப்பிடுவாள். எனக்குக் கூடப்பிறந்த தங்கச்சி இல்லை. அல்லாஹ் எனக்கொரு தங்கச்சியை அவ்வளவு தூரத்திலிருந்து அனுப்பி வைத்திருக்கிறான் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

நான் பெண்கள் பாடசாலையில் ஆங்கிலம் படிப்பித்தேன். ஆங்கிலம் தெரிந்தால் உலகமே தெரியும் என்ற எண்ணம் எனக்குக் கொஞ்சம் அல்ல, நிறையவே இருந்தது. அதோடு அவசரக்காரி. இரண்டும் ஓர் ஆளிடம் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

அவளுக்குத் தாய் இல்லை, வாப்பா மட்டும்தான். ஒரு பெரிய ஏரிக்கரையில் தனியாக இருக்கிறார். குளிர்காலத்தில் அந்த ஏரி கல்லாக உறைந்து போகுமாம். ஏரிக்கு நடுவில் ஒரு தீவு. அங்கே வெட்டிப் போட்ட மரங்களைக் குளிர்காலம் முடிவதற்குள் குதிரை பூட்டிய சறுக்கு வண்டியில் ஏற்றி, உறைந்த ஏரியின் மேலாலேயே ஓட்டிக்கொண்டு வருவாராம். குதிரைக்கு வயது பதினெட்டு. அதன் கழுத்துக் கயிற்றைப் பிடித்துத்தான் அவள் நடை பழகினாளாம்.

ஒருநாள் சோறு தின்னும்போது இதையெல்லாம் சொன்னாள். என் வீட்டுக்காரர் கறிச்சட்டிக்குக் கையை நீட்டியபடியே அவளைப் பார்த்தார்.

“மீன் பெட்டிக்குள்ள போடுற ஐஸா? அதுக்கு மேலால குதிர வண்டியா?”

“ஓம் காக்கா. காரும் போகும்.”

“நல்லாப் பேக்காட்டுறா புள்ள,” என்று, அவள் எங்களை ஏமாற்றி விளையாடுவதாக நினைத்து அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரித்ததோடு அதை மறந்தும் போனேன்.

அந்த மனிதர் இளவயதில் கப்பலில் வேலை செய்தவர். கொழும்புத் துறைமுகத்தை ஒருமுறை கண்டிருக்கிறார். அதனால் மகளுக்கு அனுப்பும் தபாலட்டைகளில் மேல் பாதியைத் தன் மொழியிலும், கீழ்ப் பாதியை எங்களுக்கென்று ஆங்கிலத்திலும் எழுதுவார். வேளாண்மை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று விசாரிப்பார். முகம் தெரியாத அந்த மனிதர் மேல் எங்கள் தெருவுக்கே ஒரு பிரியம் உண்டாகியிருந்தது. அட்டை வந்தால் பக்கத்து வீட்டு மாமி, “நேர்ஸ் புள்ளைட வாப்பா என்ன சொல்றாரு?” என்று வேலிக்கு அங்கால நின்று கேட்பார்.

ஒரு திங்கட்கிழமை அப்படி ஓர் அட்டை வந்தது. அவள் பொத்துவிலுக்குப் போயிருந்தாள், வெள்ளிக்கிழமைதான் வருவாள். தபால்காரர் சைக்கிளை விட்டு இறங்காமலே கேட்டார்.

“டீச்சர், நேர்ஸ் புள்ளைக்கு அட்டை வந்திரிக்கி. பொத்துவில் பஸ்ஸில குடுத்து உடட்டா? டிரைவர் நம்மட ஆள்தான்.”

எங்கள் பக்கத்தில் அது வழக்கம். மருந்து, கடிதம், கறிச்சட்டி எதுவானாலும் பஸ் டிரைவர் கையில் கொடுத்தால் இரண்டு மணித்தியாலத்தில் போய்ச் சேர்ந்துவிடும். நான் அட்டையை வாங்கிக் கீழ்ப் பாதியைப் படித்தேன்.

இந்த வருடம் தங்களுக்குக் குளிரே இல்லை என்று எழுதியிருந்தார். பெப்ரவரி முடியுமுன்பே கூரைப் பனி உருகி ஓடுகிறதாம். வசந்தத்தில் வர வேண்டிய பறவைகள் இப்போதே வந்துவிட்டனவாம். கம்பளிச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறாராம். மார்ச் முதல் சனிக்கிழமை வழக்கம்போல மரம் ஏற்ற ஏரியைக் கடக்கப் போவதாகவும், அதோடு இந்த வருடத்து வேலை முடிந்தது என்றும் எழுதி முடித்திருந்தார்.

எனக்கு மனம் குளிர்ந்துவிட்டது. குளிரில் வாப்பாவின் முழங்கால் வீங்கிவிடும் என்று அவள் எத்தனை தடவை கவலைப்பட்டிருக்கிறாள்!

“வேணாம் காக்கா, நல்ல செய்திதான். அவ வரட்டும். என்ட கையால குடுத்து மொகத்தப் பாக்கணும்,” என்றேன்.

அவர் ஒரு கணம் தயங்கினார். “அவவுக்கு வந்த அட்டையெலுவா டீச்சர்?” என்று கேட்டுவிட்டு, நான் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, மணியடித்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று பின்னேரத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி பரவியது. மாமி இரண்டு கையையும் ஏந்தி, “அல்ஹம்துலில்லாஹ், அந்த மனுசனுக்கு இந்த வருசமாவது சொகம் கெடச்சிட்டுது” என்றார். எங்களுக்கு வேறெப்படித் தோன்றும்? எங்கள் வயல் ஆற்றுக்கு அங்கால. மாரியில் தோணி இல்லாமல் போக ஏலாது. வெயில் பிடித்துத் தண்ணீர் வடிந்தால்தான் மாட்டு வண்டி மணலில் இறங்கிக் கடக்கும், நெல் வீட்டுக்கு வரும். வெயில் வந்தால் வழி திறக்கும் என்பதுதான் நாங்கள் அறிந்த உலகம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு, அவளுக்கு இனிப்பாக வட்டிலப்பம் அவித்து வைத்தேன். மூன்று மணி பஸ்ஸில் அவள் வந்து இறங்கினாள். முகமெல்லாம் வெயிலில் சிவந்திருந்தது. பையைக் கூட வைக்க விடாமல், அட்டையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு, “என்ன தருவாய் சொல்லு” என்று விளையாட்டுக் காட்டினேன். இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது.

வாங்கிப் படித்தாள். கீழ்ப் பாதியை எட்டியதும் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

“ராத்தா, இது எப்ப வந்த?”

“இண்டைக்கு.”

ஏன் அப்படிச் சொன்னேன்? அவள் முகத்தைக் கண்ட பயத்தில் வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன வார்த்தையைத் திரும்ப விழுங்க முடியவில்லை.

“சூடு வந்தா ஐஸ் மெலிஞ்சிரும் ராத்தா. மேலால பாத்தா ஒண்டும் தெரியா. பாரம் ஏறினா வெடிச்சி, குதிரையோட சேத்து உள்ளுக்கு இழுத்திரும். நாளைக்குத்தானே சனிக்கிழமை.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்களுக்கு வழி திறக்கிற அதே வெயில் அந்த மனிதருக்கு வழியை அழித்துக்கொண்டிருந்தது. பஸ்ஸில் கொடுத்து விட்டிருந்தால் திங்கட்கிழமையே பொத்துவிலிலிருந்து தந்தி அடித்திருப்பாள்.

என் வீட்டுக்காரர் அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு தபால் கந்தோருக்குப் பறந்தார். நான் முக்காட்டை இழுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன். கந்தோர் மூடும் நேரம். தந்தி அடிக்கும் தமிழ் ஐயா எழுந்து போகத் தயாராக நின்றவர், அவள் முகத்தைக் கண்டதும் திரும்ப உட்கார்ந்தார். ‘ஏரியைக் கடக்க வேண்டாம். ஐஸ் மெலிவு. மகள்.’ அவ்வளவுதான் எழுதிக் கொடுத்தாள். ஐயா ஒன்றும் கேட்காமல் அடித்தார். கொழும்பிலிருந்து பதில் தட்டல் கேட்கும்வரை இடத்தைவிட்டு எழும்பவில்லை.

“கொழும்பு எடுத்திட்டுது தங்கச்சி. இனி நம்மட கையில ஒண்டுமில்ல,” என்றார்.

சனிக்கிழமை முழுக்க அவள் கடிகாரத்தைப் பார்த்து, அங்கத்து நேரத்துக்கு மணித்தியாலத்தைக் கழித்துக் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்ப அங்க விடியும், இப்ப குதிரைக்குத் தண்ணி வைப்பார், இப்ப பூட்டுவார். நான் பக்கத்தில் இருந்து வெங்காயம் உரித்தேன். ஒரு வீட்டுக்குத் தேவைப்படாத அளவு வெங்காயம். ஞாயிற்றுக்கிழமையும் செய்தியில்லை. வட்டிலப்பத்தை ஒருவரும் தொடவில்லை, கடைசியில் கோழிக்குப் போட்டேன். என் மனச்சாட்சி என்னைத் தின்றுகொண்டிருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. நல்ல செய்தி வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று கோழைத்தனமாக ஒரு கணக்குப் போட்டேன்.

திங்கட்கிழமை பத்து மணிபோலத் தபால்காரர் வந்தார். மணியடிக்காமல் வந்தார். கையில் தந்தி. எங்கள் தெருவுக்குத் தந்தி என்றால் மௌத்துத்தான், யாரோ இறந்த செய்திதான். கதவுகளெல்லாம் திறந்தன. அவள் பிரிக்க ஏலாமல் என்னிடம் நீட்டினாள். நான் சத்தமாகப் படித்தேன்.

‘கரை சேர்ந்தேன். குதிரை போய்விட்டது. உன் தந்தி பிறகு வந்தது. அப்பா.’

அவள் என் தோளில் விழுந்து அழுதாள். வாப்பா உயிரோடு இருக்கிறார் என்ற அழுகை முதலில், குதிரைக்கான அழுகை பின்னால். மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “குதிரைக்கும் இன்னாலில்லாஹி சொல்லலாமா?” என்று மெதுவாகக் கேட்டார். “எந்த இழப்புக்கும் சொல்லலாம் மாமி” என்றார் என் வீட்டுக்காரர். அவர் மாடு வளர்க்கும் மனிதர். வேலியோரம் நின்ற பெண்களெல்லாம் முகம் தெரியாத ஒரு குதிரைக்காக, மௌத்துக்குச் சொல்லும் அந்த வாசகத்தைச் சொன்னார்கள்.

தபால்காரர் என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

“தங்கச்சி, அந்த அட்டை போன திங்கக்கிழமையே வந்த. நான்தான் நாலு நாள் வச்சிருந்தன். இண்டைக்கு வந்த எண்டு பொய் சொல்லிட்டன்.”

அவள் என் தோளிலிருந்து தலையை எடுத்தாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை. காலைத் தேத்தண்ணியை மாமி வீட்டில் குடித்துவிட்டு வேலைக்குப் போனாள். அடித்திருந்தால்கூட அவ்வளவு நொந்திருக்காது. அவளுக்கென்று வார்த்த தேத்தண்ணி ஆறிப்போய் அடுப்படியில் இருக்கும், நான் அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நாலாம் நாள் பின்னேரம் அடுப்படி வாசலில் வந்து நின்றாள்.

“ராத்தா, உடுத்துங்க. தபால் கந்தோருக்குப் போவம்.”

எனக்கு விளங்கிவிட்டது. விலாசத்தை மாற்றப் போகிறாள், வேறு வீடு பார்த்துவிட்டாள். பாதி வழியில் அவள் சொன்னாள். “அட்டைய வச்சிருந்தது தெரியாத்தனம், அதில எனக்குக் கோபமில்ல. வாப்பாக்கே அந்த ஐஸ் தெரியல்ல. இண்டைக்கு வந்த எண்டு சொன்னீங்களே, அதத்தான் தாங்க ஏலாமக் கிடந்த.” நான் தலையைக் குனிந்துகொண்டு, “ஓம்” என்றேன்.

கந்தோரில் ஒரு தாள் வாங்கி எழுதினாள். ஐயா அதை வாங்கிப் படித்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். தான் ஊரில் இல்லாத நாட்களில் தனக்கு வரும் கடிதம், தந்தி எல்லாவற்றையும் இந்த ராத்தாவிடமே கொடுக்க வேண்டும் என்றும், அவற்றைப் பிரித்துப் படிக்கவும் உடனே தனக்கு அனுப்பவும் அவருக்கு முழு உரிமை உண்டு என்றும் எழுதியிருந்தது.

“இதுல கையெழுத்து வையுங்க டீச்சர்,” என்றார் ஐயா.

நான் பேனாவை எடுக்கவில்லை. “எனக்கு வேணாம் புள்ள, நான் லாயக்கில்ல” என்றேன்.

“இனி நீங்க சுணக்க மாட்டீங்க. சுணக்கினா என்ன நடக்கும் எண்டு இந்த ஊர்ல உங்களத் தவிர வேற யாருக்கும் இவ்வளவு நல்லாத் தெரியா,” என்றாள்.

முத்திரை வாங்க நின்றவர்களெல்லாம் பார்க்க, ஐயாவுக்கு முன்னால் இருந்த மேசைப் பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். எவ்வளவு பெரிய டீச்சர் நான்!

அதன் பிறகு அவள் இரண்டு வருடம் எங்களோடு இருந்தாள். ஓர் அட்டையாவது என் கையில் ஒரு மணித்தியாலம் தங்கியதில்லை. பாடத்தின் நடுவில் வந்தாலும் பிள்ளைகளை எழுதச் சொல்லிவிட்டு, கையில் சுண்ணாம்புத் தூளோடு பஸ் நிலையத்துக்கு ஓடியிருக்கிறேன். அவள் வாப்பா இன்னும் பல வருடம் சுகமாக இருந்தார். வேறு குதிரை வாங்கவேயில்லை என்று பிறகு எழுதினாள்.

இப்போது என் மூத்த மகன் அப்படியொரு குளிர் நாட்டில் பிள்ளை குட்டிகளோடு இருக்கிறான். போன மாசியில் போனில், “உம்மா, இந்த வருசம் இங்க குளிரே இல்ல, நல்ல வெயில்” என்றான். பக்கத்தில் இருந்தவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். நான், “அது அங்க உள்ளாக்களுக்கு நல்லதா மனே, கெட்டதா?” என்று கேட்டேன். அவன் சிரித்தான். சிரிக்கட்டும், என் சந்தோசத்தை வைத்து இன்னொருவரின் செய்தியை அளந்ததால் ஓர் உயிர் போனதும், அதன் பிறகும் என்னை நம்பி ஒருத்தி தன் கடிதங்களையெல்லாம் என் கையில் தந்ததும், ஒருவர் நல்ல செய்தி என்று சொல்லும்போதெல்லாம் இன்னும் எனக்குள் ஒன்றாகத்தான் எழும்பி வருகின்றன.